ஜோகேட் நமது ஆட்டம் இல்லையா?

பள்ளி விழாவில் நம் பிள்ளைகள் ஜோகேட் ஆடினால் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். ‘இது நமது ஆட்டம் இல்லையே’ என்பது அவர்தம் மனக்குறை. அந்த ஆட்டம் வந்த வழியைச் சற்றே நோக்குவோம்.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் 1641 வரை அங்கு ஆண்டனர். அவர்தம் வழித்தோன்றல்களாகிய கிறிஸ்தாங் மக்கள் ஆடும் பிரான்யோவுக்கும் ஜோகேட்டுக்கும் உள்ள உறவு, துள்ளும் தாளத்திலும் இணை இணையாக ஆடும் முறையிலும் புலப்படும். ஐரோப்பிய வயலினும் மலாய் ரெபானாவும் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. அதனால் ஜோகேட் மலாய்க்காரர்க்கு அந்நியமாகிவிடவில்லை. இலங்கையின் பைலாவும் இவ்வாறு போர்த்துகீசியர் தொடர்பால் விளைந்ததே.

நாம் மட்டும் என்ன? வகுப்பறையில் உள்ள மேசை, அலமாரி, சன்னல், சாவி யாவும் போர்த்துகீசிய வழி வந்த சொற்கள்தாமே!

படையெடுத்து வந்தவரிடம் பெற்றதாயிற்றே என்பர். ஆம், அதனையும் பிள்ளைகளிடம் மறைத்தல் கூடாது. ஆட்டத்தை மட்டும் பழக்கி, அதன் வரலாற்றை விட்டுவிடுவதே என் வருத்தம். மலாக்காவின் வீழ்ச்சி வரலாற்றுப் பாடத்தில் தனியே கிடக்கிறது; ஜோகேட் மேடையில் தனியே நிற்கிறது.

ஆசிரியர்களே, அடுத்த ஒத்திகைக்கு முன் நிலப்படத்தில் லிஸ்பனையும் மலாக்காவையும் காட்டுங்கள். பெற்றோரும் அன்று வந்து அமரலாம்.