பேரேட்டைப் புரட்டுங்கள்



அமெரிக்காவின் குட்டிக் கவுன்டிகளில் பொது ஆவணம் தேடுகிறவர்கள், இணையத்தில் இல்லையென்றதும் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு. உதாரணமாக, டெக்சஸின் லவ்விங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான். அம்மாநிலத்தில் 8,000 பேருக்குக் குறைவான கவுன்டிகளில் பொதுவாக ஒரே எழுத்தர்தான் கவுன்டிப் பதிவேடுகளையும் மாவட்ட நீதிமன்றக் கட்டுகளையும் பார்த்துக்கொள்கிறார். நிலப்பத்திரம், திருமணப் பதிவு, வழக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். பெரிய நகரவாசிக்குக் கிடைக்காத வசதி இது! பத்திரங்களுக்கு விற்றவர் பெயரில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயரில் இன்னொன்று. இன்றைய உரிமையாளரை வாங்கியவர் வரிசையில் பிடித்தால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தெரியும். அந்தப் பக்கத்தில் விற்றவர் யாரென்று பார்த்து, அவர் யாரிடம் வாங்கினார் என்று தேடினால், படிப்படியாகத் தலைமுறைகள் பின்னே போகலாம்.

பேரேட்டைப் புரட்ட அந்த அலுவலகம்வரை நேரில் யாரால் போக முடியும் என்பது நியாயமான கேள்விதான். 1973-இல் வந்த டெக்சஸ் தகவல் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். எதற்கென்று அலுவலகம் விசாரிக்கக் கூடாது. தர மறுக்க நினைத்தால், பெரும்பாலும் 10 வேலை நாட்களுக்குள் அட்டர்னி ஜெனரலின் முடிவைக் கேட்டாக வேண்டும். நீதிமன்றக் கட்டுகளுக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது, அவற்றை எழுத்தரிடம் தனியே கேட்க வேண்டும். பெயரையும் ஆண்டையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்