கீழ்வீட்டு பாத்ரூம்தான் தெருவுக்கே வடிகாலா?

2023 டிசம்பர் 4, விடிகாலை. மிக்ஜாம் புயல் சென்னையைப் போட்டு புரட்டி எடுத்துக்கிட்டு இருந்த நேரம். கரண்ட் போய் பல மணி நேரம் ஆச்சு. தெருவுல கணுக்கால் அளவு தண்ணி. கேட்டுல மணல் மூட்டை அடுக்கி வச்சிருந்ததால வாசப்படியில ஒரு சொட்டு ஏறல. "பரவால்ல, தப்பிச்சோம்"னு தங்கமணிகிட்ட சொல்லி வாய மூடல, பாத்ரூம் பக்கத்துலேர்ந்து 'களக்... களக்...'னு சத்தம்.

டார்ச் அடிச்சுப் பாத்தா, தண்ணி போற ஜல்லடை வழியா தண்ணி வந்துக்கிட்டு இருக்கு! தண்ணின்னு நாகரிகமா சொல்றேன். என்ன வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அரை மணி நேரத்துல ஹால், பெட்ரூம், பூஜை ரூம் எல்லாம் ரெண்டு இன்ச்.

எங்கம்மாவுக்கு 78 வயசு. ரெண்டு மூட்டும் போச்சு. லிஃப்ட் இல்லாத கட்டடம், மாடி ஏத்த முடியாது. கட்டில்ல கால தூக்கி வச்சுக்கிட்டு ஒரு பகல் முழுக்க உக்காந்திருந்தாங்க. குடிக்கத் தண்ணி குடுத்தா வேணாம்னுட்டாங்க. "குடிச்சா பாத்ரூம் போகணுமேடா"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க.

தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தவங்க எல்லாரும் ஒரே வசனம்தான் பேசுனாங்க. "புயல்னா அப்படித்தான் சார், இயற்கைய என்ன பண்ண முடியும்?" இயற்கையா? யோவ், வானத்துலேர்ந்து வந்தது இயற்கை. கக்கூஸ்லேர்ந்து வந்தது எப்படிய்யா இயற்கை ஆகும்?

எட்டாங்கிளாஸ் பாடம்தான் இது. தண்ணி தன் மட்டத்தைத் தேடும். ரோட்டுக்கு அடியில ஓடுற சாக்கடை லைன் நிரம்பி, மேன்ஹோல் மூடி வரைக்கும் ஏறிடுச்சுன்னு வைங்க. அந்த லைனோட சேர்ந்திருக்குற எல்லா பைப்லயும் தண்ணி அதே உயரத்துக்கு வந்து நிக்கும். உங்க பாத்ரூம் தரை மேன்ஹோல் மூடியை விட தாழ்வா இருந்தா, மூடி வழியா வழியறதுக்கு முன்னாடி உங்க ஜல்லடை வழியாத்தான் வழியும். தெருவுல எந்த ஓட்டை தாழ்வோ அதுதான் தெருவுக்கே வடிகால். பாத்ரூம் டிராப்புல எப்பவும் தண்ணி நிக்குமே, அது நாத்தத்தைத் தடுக்கத்தான். பின்னால வர்ற சாக்கடையை அது தடுக்காது.

எங்க வீடு தாழ்வா எப்படி ஆச்சு? கட்டினப்போ ரோட்டை விட ரெண்டு அடி உயரம்தான். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேல மேல போட்டாங்க. இன்னிக்கு ரோடு எங்க தரையை விட ஒரு ஜாண் உயரம். சுரண்டிட்டுதான் போடணும்னு 2021ல தமிழக அரசே உத்தரவு போட்டுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஏறினது ஏறினதுதான்.

சரி, சாக்கடை லைன் ஏன் நிரம்புது? இங்கதான் நம்ம யோக்கியதை வெளிய வரும். சென்னையில சாக்கடை வேற, மழைநீர் வடிகால் வேற. ரெண்டும் தனித்தனி குழாய், பாத்துக்கிறதும் தனித்தனி துறை. சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுக்குக் கணக்குப் போட்டு வச்சது, புயல் மழைக்கு இல்ல. நாம என்ன பண்றோம்? மொட்டைமாடித் தண்ணியை ஒரு பைப் போட்டு நேரா சாக்கடை சேம்பர்ல விடுறோம். தெருவுல தண்ணி நின்னா கடப்பாரை எடுத்துட்டு வந்து மேன்ஹோல் மூடியைத் தொறந்து விடுறோம். அதைச் செஞ்சவரு அன்னிக்கு தெருவுக்கே ஹீரோ. அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? அடுத்த தெருவுல ஏதோ ஒரு அம்மாவோட கட்டிலுக்கு அடியில போச்சு. தொறந்து கெடக்குற மேன்ஹோல் தண்ணிக்கு அடியில தெரியாது, அதுல ஒருத்தன் விழுந்தா ஆளே போயிடுவான். அது தனிப் பாவம்.

இதுக்குத் தீர்வு ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்ல. பேரு நான்-ரிட்டர்ன் வால்வு. பிளம்பர் பாஷையில என்.ஆர்.வி. மோட்டார் லைன்ல போடுவோமே, அதோட பெரியண்ணன். சாக்கடை லைனுக்கு ஃபிளாப் வால்வுன்னு கேட்டா கெடைக்கும். பைப்புக்கு நடுவுல கீல் வச்ச ஒரு மூடி. வீட்டுலேர்ந்து தண்ணி போனா தொறக்கும், ரோட்டுலேர்ந்து திரும்பி வந்தா அந்தத் தண்ணியோட அழுத்தமே மூடியைச் சாத்திடும். கரண்ட் வேணாம், ஆள் வேணாம்.

அழுத்தம் எவ்வளவு இருக்கும்னு பயப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு. 4 இன்ச் பைப்புக்கு மேல 3 அடி உயரத்துக்குத் தண்ணி நின்னா, அந்த மூடி மேல விழுற பாரம் சுமார் ஏழரை கிலோ. ஒரு சின்ன அரிசிப் பை, அவ்வளவுதான். அந்த ஏழரை கிலோவைத் தாங்க ஒரு மூடி இல்லாமத்தான் மக்கள் சோபாவையும் ஃப்ரிட்ஜையும் வருஷா வருஷம் குப்பையில போடுறாங்க.

அமெரிக்காவுல பிளம்பிங் கோடுகள்லயே இது இருக்கு. மேல்பக்கத்து அடுத்த மேன்ஹோல் மூடியை விட வீட்டுத் தரை தாழ்வா இருந்தா, அந்தத் தளத்துக்கு இந்த வால்வு போட்டே ஆகணும். ஜெர்மனில 'பின்னோட்ட மட்டம்'னே ஒரு கணக்கு வச்சிருக்காங்க, பொதுவா அது வீட்டு வாசல் ரோட்டு மட்டம். அதுக்குக் கீழ இருக்குற பாத்ரூமுக்கு வீட்டுக்காரர்தான் பாதுகாப்பு பண்ணிக்கணும். நம்ம ஊர்ல? வாசல்ல தேக்குக் கதவு, தரையில இத்தாலி மார்பிள், அடியில ஓட்டைப் பைப். ஃபிளாட் விக்கிறவன்கிட்ட வாஸ்து கேக்குறோம், பார்க்கிங் கேக்குறோம். "கீழ்வீட்டு லைன்ல வால்வு இருக்கா?"ன்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?

உடனே "அதெல்லாம் அரசாங்கம்தான் பண்ணனும்"னு ஒரு குரல் வரும். அரசாங்கம் பண்ண வேண்டியது நெறைய இருக்கு, நான் மறுக்கல. ஆனா 2003ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், இல்லேன்னா தண்ணி இணைப்பே போயிடும்னு சட்டம் வந்துச்சு. மொணமொணத்துக்கிட்டே ஊரே குழி வெட்டுச்சா இல்லையா? அதே மாதிரி ரோட்டு மட்டத்துக்குக் கீழ இருக்குற வீடுகளுக்கு இந்த வால்வும் கட்டாயம், மொட்டைமாடித் தண்ணியை சாக்கடையில விட்டா அபராதம்னு கறாரா நின்னா நடக்காதா? அது வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு கக்கூஸைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?

இப்ப நான் முட்டாள் ஆன கதை. 2024 ஆரம்பத்துல ஒரு வால்வு வாங்கி, கட்டடத்துலேர்ந்து ரோட்டுக்குப் போற கடைசி பைப்புல போட்டாச்சு. பிளம்பர் "இனிமே கவலையே இல்ல சார்"னாரு. அந்த வருஷம் அக்டோபர் நடுவுல ஒரு கனமழை. வால்வு கரெக்டா மூடிக்கிச்சு. ரோட்டுச் சாக்கடை ஒரு சொட்டு வரல. ஆனா மாடியில இருக்குற நாலு வீட்டுலயும் குளிச்சாங்க, ஃப்ளஷ் பண்ணாங்க, ஒருத்தர் வாஷிங் மெஷினே போட்டாரு. மூடுன வால்வுக்கு இந்தப் பக்கம் அது எல்லாம் எங்க போகும்? எங்க பாத்ரூமுக்குத்தான்! தெரு சாக்கடைக்குப் பதிலா அங்கிள் வீட்டு சோப்புத் தண்ணி.

அப்புறம் உக்காந்து படிச்சப்போதான், நான் மேல சொன்ன அமெரிக்க விதியிலயே ரெண்டாவது வரி இருக்குறது கண்ணுல பட்டுச்சு. உயரத்துல இருக்குற வீட்டுக் கழிவு இந்த வால்வு வழியாப் போகக்கூடாது. அதாவது வால்வு கீழ்வீட்டு லைனுக்கு மட்டும். மாடி வீட்டுப் பைப்புங்க வால்வைத் தாண்டி, ரோட்டுப் பக்கமா சேரணும். மாடித் தண்ணிக்கு உயரம் இருக்குறதால அது ரோட்டுத் தண்ணியைத் தள்ளிக்கிட்டு போயிடும். வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்குற சேம்பரோட மூடி ரோட்டு மட்டத்துக்கு மேல இருக்கணும், இல்லேன்னா காம்பவுண்டுக்குள்ள கொப்பளிக்கும். சேம்பரை ரெண்டு வரிசை செங்கல் வச்சு ஒசத்துனோம்.

இதைச் செய்ய அசோசியேஷன் மீட்டிங் போட்டா, மூணாவது மாடி அங்கிள் கேக்குறாரு, "கீழ்வீட்டுக்காரர் பிரச்சினைக்கு நாங்க ஏன் சார் காசு குடுக்கணும்?" எனக்கு வந்த கோவத்துக்கு... வேணாம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சார், மொட்டைமாடித் தண்ணி எல்லாருக்கும் பொது, அதை சாக்கடையில விடுற பைப்பும் பொது. அது எங்க வீட்டுக்குள்ள வரும்போது மட்டும் எப்படி சார் என் சொந்தப் பிரச்சினை ஆகுது?" பதில் இல்ல. கடைசியில ஆறு வீடும் சமமாப் போட்டு வேலை முடிஞ்சுது. மொட்டைமாடித் தண்ணியையும் சேகரிப்புக் குழிக்குத் திருப்பியாச்சு. வால்வு, பைப், கொத்தனார், கூலி எல்லாம் சேத்து வீட்டுக்கு ஒரு ஸ்டவ் விலை கூட வரல. அதுக்கப்புறம் வந்த மழையில ஜல்லடை அமைதியா இருக்கு.

யோசிச்சுப் பாருங்க மக்களே, கீழ்வீட்டுல யாரு இருக்கா? மாடி ஏற முடியாத வயசானவங்க, வாடகை கம்மின்னு வந்தவங்க, வாட்ச்மேன் குடும்பம். வாய் பேச முடியாதவங்க தலையில சாக்கடையைத் திருப்பி விட்டுட்டு இயற்கைன்னு பேர் வச்சிருக்கோம்.

"வால்வு அடைச்சுக்கும் சார்"னு சொல்லுவாங்க. அடைச்சுக்கும்தான். முடி, துணி, நாப்கின் மாட்டுனா மூடி சரியா உக்காராது. அதனாலதான் அதை மண்ணுல பொதைக்காம, மேலேர்ந்து கைக்கு எட்டுற மாதிரி சின்ன சேம்பருக்குள்ள வைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னாடி கண்டிப்பா ஒரு தடவை, தொறந்து பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவணும். ஸ்கூட்டருக்கு சர்வீஸ் விடுறோம்ல? வால்வு மூடியிருக்குற நேரத்துல கீழ்வீட்டுக்காரரும் தண்ணி விடக்கூடாது, அதையும் சொல்லிடுறேன். அவசரத்துக்கு கேம்பிங் டாய்லெட்டோ மூடி போட்ட பக்கெட்டோ ஒண்ணு வச்சுக்குங்க. எங்கம்மாவுக்கு இப்ப அது கட்டிலுக்குப் பக்கத்துலயே இருக்கு.

2015 டிசம்பர் மாதிரி ஏரியும் ஆறும் நிரம்பி வாசல் வழியாவே வந்தா வால்வு காப்பாத்தாது. உண்மையை ஒத்துக்கணும். ஆனா எல்லா மழையும் 2015 இல்ல.

குடிக்கிற தண்ணியையும் இதோட சேத்துப் பாருங்க. நெறைய வீட்டுல சம்ப்போட ஓவர்ஃப்ளோ பைப்பை சாக்கடை சேம்பர்ல கொண்டு போய் சேத்திருப்பாங்க. சேம்பர் நிரம்பினா அதே பைப் வழியா சம்ப்புக்குள்ள வரும். யாருக்கும் தெரியாது, மேல டேங்க்குக்கு ஏத்தி பல்லு விளக்குவோம். அந்த இணைப்பை இன்னிக்கே வெட்டுங்க, ஓவர்ஃப்ளோ வெட்டவெளியில விழட்டும். சம்ப் மூடியை தரையோட தரையா வைக்காதீங்க, அரை அடி ஒசத்துங்க. குடிநீர் லைன்ல நேரா மோட்டார் போட்டு உறிஞ்சுறவங்களுக்கு ஒரு தகவல். பைப்புல விரிசல் இருந்தா மோட்டார் சுத்தியிருக்குற சாக்கடையையும் சேத்துதான் உறிஞ்சும். உங்களுக்கு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக்கும்.

கடைசியா ஒண்ணு. லைன் அடைச்சுக்கிட்டா உடனே "ஒரு ஆளை இறக்கி எடுத்துடலாம்"னு சொல்ற பழக்கம் இன்னும் போகல. 2013லயே சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சு. சாக்கடையில இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடுன்னு உச்ச நீதிமன்றம் 2023ல சொல்லியாச்சு. மெஷின் வண்டிக்குச் சொல்லுங்க, வர்ற வரைக்கும் காத்திருங்க. நாம ஜல்லடையில தள்ளுன நாப்கினை எடுக்க இன்னொருத்தன் மூச்சு முட்டிச் சாகணுமா?

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. ஒரு பிளாஸ்டிக் டியூப்ல தண்ணி நிரப்பி, மேன்ஹோல் மூடிக்கும் உங்க பாத்ரூம் தரைக்கும் ரசமட்டம் புடிச்சுப் பாருங்க. கொத்தனார் பண்ணுவாரே, அதேதான். தரை தாழ்வா இருந்தா பிளம்பரைக் கூப்பிடுங்க. கீழ்வீட்டுக்கு மட்டும் வால்வு, மாடி லைன் தனி. இந்த ரெண்டு வரியை அவருகிட்ட அழுத்திச் சொல்லுங்க.

டிஸ்கி: மூணாவது மாடி அங்கிள் இந்தப் பதிவைப் படிச்சா கோச்சுக்க வேணாம். மழை நாள்ல வாஷிங் மெஷின் போடுறதை இப்ப அவரே நிறுத்திட்டாரு. நல்ல மனுஷன்.