இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்

தொடர் நாவல் படிப்பவர்களுக்கு ஒரு பொதுவான சோகம் உண்டு. முதல் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்து, அடுத்ததை ஆவலோடு பிரித்து, நாற்பதாவது பக்கத்தில் கொட்டாவி விடுவது. பெரியவர்கள் கொண்டாடும் புத்தகமாக இருந்துவிட்டால் இன்னும் சங்கடம். பிடிக்கவில்லை என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும்.

தென் திருவிதாங்கூரில் இந்தச் சோகத்துக்கு வயது நூறுக்கு மேல். சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' 1891இல் சென்னையில் அச்சானது. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். அதன் தொடர்ச்சியான 'தர்மராஜா' 1913இல்தான் வந்தது. மூன்றாவதான 'ராமராஜபகதூர்' 1918இலிருந்து இரண்டு பாகங்களாக வெளிவந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா தன் 'மூன்று மஸ்கட்டியர்'களின் தொடர்ச்சிக்கு 'இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்று பெயர் வைத்தார். ஆனால் அதை மறு ஆண்டே, 1845இல், எழுதத் தொடங்கிவிட்டார். சி.வி. நிஜமாகவே இருபத்திரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து எல்லை ஊர்களுக்கு முதல் நாவல் ஏறக்குறைய சொந்த ஊர்க் கதை. வெள்ளறடையில் நின்று பார்த்தால் அதன் நிலம் இரு பக்கமும் விரிகிறது. மேற்கே நெய்யாற்றின்கரை. அங்கே கிருஷ்ணசாமி கோவில் வளாகத்தில், எதிரிகளுக்குத் தப்பி மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், பத்மநாபபுரம். 1956 நவம்பர் 1இல் எல்லைக் கோடு விழுந்தபோது கல்குளமும் விளவங்கோடும் இந்தப் பக்கம் வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. கோட்டுக்கு இருபுறமும் உள்ளவர்கள் பொதுவாக வைத்திருக்கும் சொத்துகளில் இந்த நாவலும் ஒன்று.

கதையின் முடிச்சு எளிமையானது. ராஜா சாகக் கிடக்கிறார். மருமக்கத்தாய வழக்கப்படி அரியணை மருமகனுக்கு. ராஜாவின் மகனோ அது தனக்கே வேண்டும் என்கிறான். எட்டு வீட்டுப் பிள்ளைமார் அவன் பக்கம். இளவரசர் ஓடுகிறார், ஒளிகிறார். பைத்தியக்காரன் வேடத்தில் திரியும் அனந்தபத்மநாபன் காப்பாற்றுகிறான். மாங்கோயிக்கல் குறுப்பு அடைக்கலம் தருகிறார். சுபத்திரை உயிரையே கொடுக்கிறாள். சூழ்ச்சிக்காரச் சுந்தரய்யனின் பேச்சில் தமிழ் கலந்து வருவதைத் தமிழ் வாசகர்கள் ரசிக்காமல் இருக்க முடியாது.

இந்த வேகத்தில் 'தர்மராஜா'வுக்குள் நுழைகிறவர் முட்டிக்கொள்கிறார். வாக்கியங்கள் நீண்டு, சமஸ்கிருதச் சொற்கள் அடுக்கடுக்காக வந்து விழுகின்றன. இளம் கேசவ பிள்ளை நாயகன் என்று பிடிபடவே நேரமாகிறது. ஹரிபஞ்சானனன் என்ற சாமியார் ஒருவரல்ல, இருவர் என்பது தெரிவதற்குள் பாதிப்பேர் புத்தகத்தை மூடியிருப்பார்கள். சந்திரகாரன் என்ற மறக்க முடியாத வில்லன் மட்டும் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். முதல் நாவலின் நெஞ்சோட்டம் இதில் இல்லை. இதைச் சொல்வதற்கு மலையாள இலக்கியத்தில் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் கேட்க வேண்டியது. எழுத்தாளருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்பது வழக்கமான பதில். கல்கியைக் கதைக் கால வரிசையில் படித்தால், 'சிவகாமியின் சபத'த்துக்கு அடுத்து வரும் 'பார்த்திபன் கனவு' சற்று மெலிந்து தெரியும். காரணம், எழுதிய வரிசையில் அதுதான் மூத்தது. 1941இல் தொடங்கிய அந்த நாவலில் கல்கியின் கை இன்னும் பழகிக்கொண்டிருந்தது. சி.வி. விஷயம் நேர் எதிர். முதல் நாவல் அச்சானபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. 'தர்மராஜா' வந்தபோது ஐம்பத்தைந்து. கை தேர்ந்திருந்தது. மாறியது அவர் கேட்ட கேள்வி.

'மார்த்தாண்டவர்மா' வென்றவரின் கதை. 1729இல் பட்டத்துக்கு வந்த ராஜா, எட்டு வீட்டாரைக் கொன்று, அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் தோண்டியதாகவும், பெண்களையும் குழந்தைகளையும் மீனவர்களிடம் ஒப்படைத்ததாகவும் திருவிதாங்கூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். முதல் நாவலில் வாசகர் கைதட்டியது இந்த வெற்றிக்குத்தான். இரண்டாவது நாவலின் சாமியார் இரட்டையர் யார்? அழிக்கப்பட்ட கழக்கூட்டத்துப் பிள்ளையின் வழிவந்தவர்கள். பழி தீர்க்க வந்தவர்கள். நீங்கள் கொண்டாடிய வெற்றியில் வீடிழந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சி.வி. தன் வாசகரையே திருப்பிக் கேட்கிறார். ராஜவிசுவாசியான ஓர் எழுத்தாளருக்கு இது சாதாரணத் துணிச்சல் அல்ல.

குறை இங்கேதான். இத்தனை பெரிய கேள்வியை அவர் மாறுவேடத்துக்கும் அலங்கார நடைக்கும் அடியில் புதைத்துவிட்டார். தோற்றவர்களின் துக்கம் வாசகருக்கு எட்டுவதற்குள் அவர்களின் சூழ்ச்சி எட்டிவிடுகிறது. ராஜாங்கத்தின் மீதுள்ள பக்தி ஒரு பக்கம் இழுக்க, இடிந்த வீடுகள் மறுபக்கம் இழுக்க, நடை முறுக்கிக்கொள்கிறது. ஏமாற்றம் நியாயமானதே. அதற்காகப் புத்தகம் வெறுமையானது என்று முடிவு கட்டுவது நியாயமல்ல.

நிறுத்திவிடுகிறவருக்கு நஷ்டமும் உண்டு. 1789இல் திப்பு சுல்தான் தொடுத்த படையெடுப்பைப் பின்னணியாகக் கொண்ட 'ராமராஜபகதூர்'தான் சி.வி.யின் சிகரம் என்று மலையாள விமர்சகர்கள் பலர் கருதுகிறார்கள். கேசவ பிள்ளை அதில் திவான். இரண்டாவதைத் தாண்டாமல் அங்கே போய்ச் சேர முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு முதல் நாவல் 1954லேயே கிடைத்தது. 2007இல் சாகித்திய அகாதெமி வழியாக இன்னொரு மொழிபெயர்ப்பும் வந்தது. அதோடு நிற்பவர் கையில் இருப்பது வென்றவர் சொன்ன பாதிக் கதைதான். 'தர்மராஜா'வை மொழிபெயர்க்க உட்காருகிறவருக்குக் கைகொடுக்கக் கூடியது குமரி மாவட்டத்துப் பேச்சுத் தமிழ். சி.வி.யின் பாத்திரங்கள் பேசும் தென் திருவிதாங்கூர் மலையாளத்துக்கு அதைவிட நெருங்கிய உறவு கிடையாது. விவரணையில் நீண்ட வாக்கியங்களை உடைத்தாலும் பாதகமில்லை; குளமாக்கப்பட்ட வீடுகளைப் பற்றிய கேள்வி சேதமில்லாமல் வந்து சேர வேண்டும்.

ஒரு கோடு யாரை எந்தப் பக்கம் நிறுத்தும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் எல்லை ஊர்க்காரர்கள். தோற்ற வீட்டின் கதையைக் கேட்க அவர்களைவிடப் பொருத்தமான வாசகர் யார்? முதல் நூறு பக்கங்களில் கொட்டாவி வந்தால் வரட்டும். சந்திரகாரன் வந்ததும் தூக்கம் கலைந்துவிடும்.