அடுத்தவர் காதில் விழும் நோய்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024 செப்டம்பரில் டெலிகிராம் செயலியில் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தன. பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு பரிசோதனை அறிக்கைகளும் கிளெய்ம் தாள்களும் அதில் இருந்தன. 3.1 கோடிப் பேரின் விவரங்கள் தன் கையில் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. இணையப் பாதுகாப்பு விதிகளை மீறியதற்காகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025-ல் அந்நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 3.39 கோடி ரூபாய். திருடியவரின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் தலைக்கு ஒரு ரூபாய் சொச்சம். அதுவும் அபராதம்தான், நோயாளிக்கான இழப்பீடு அல்ல.

இனி நிலைமை மாறும் என்கிறார்கள். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது பெரிய தொகைதான். ஆனால், அது முழுவதும் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும் என்று அதே சட்டம் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, நிறுவனத்தின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க ஒரு வழி வைத்திருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, பொய்யாகவோ அற்பக் காரணத்துக்காகவோ புகார் தந்தால் புகார்தாரருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். பறிகொடுத்தவருக்கு ஒன்றுமில்லை, வாயைத் திறந்தால் செலவு வேறு!

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ம் ஆண்டின் விதிகள் மருத்துவ ஆவணங்களையும் உடல், மனநலம் பற்றிய விவரங்களையும் நுட்பமான தகவல்கள் என்று தனியே வகைப்படுத்தின. 2023-ம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. நீங்கள் வாங்கிய செருப்பின் அளவும் உங்கள் பயாப்ஸி முடிவும் அதன் கண்ணுக்கு ஒன்று. மருத்துவத் தகவலுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வரைவு வெளியிட்டது. வரைவோடு நின்றுபோனது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 2023-ம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘டிஜிட்டல்’ இருக்கிறது. கணினியில் ஏறாத காகிதத்துக்கு அது பொருந்தாது, வாய்ப்பேச்சுக்கும் பொருந்தாது. நம் ஊர் மருத்துவமனைகளில் அந்தரங்கம் பறிபோவது பெரும்பாலும் எங்கே? புறநோயாளிகள் பிரிவில் ஒரே மேஜையின் இரு பக்கமும் இரண்டு மருத்துவர்கள். வரிசையில் அடுத்து நிற்பவர் முந்தையவரின் தோளுக்குப் பின்னால். மாதவிலக்கு தள்ளிப்போனதா, எத்தனை முறை கலைந்தது, வீட்டுக்காரர் குடிப்பாரா என்ற கேள்விகளுக்குப் பெண்கள் பத்துப் பேர் நடுவே பதில் சொல்கிறார்கள். லேப் வாசலில் பெயரோடு பரிசோதனையின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். கேஸ் ஷீட்டை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு மூத்த மருத்துவரிடம் யோசனை கேட்கிறார்கள். அவசரத்துக்கு அது உயிர்காக்கும் வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால், படத்தில் பெயரை மறைக்க ஆகும் நேரம் ஐந்து விநாடி.

மருத்துவர் ரகசியம் காக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. வரவேற்பு மேஜையில் இருப்பவர், ஸ்கேன் சென்டர் ஊழியர், தகவல் பதிபவர், காப்பீட்டு முகவர் ஆகியோரை அந்த நெறி கட்டுப்படுத்தாது. நோயாளியின் விவரம் மருத்துவரைவிட இவர்கள் கைகளில்தான் அதிகம் புழங்குகிறது.

‘மறைக்க என்ன இருக்கிறது, சர்க்கரைதானே’ என்பவர்கள் உண்டு. வலிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் நின்றுபோன கல்யாணங்களை, காசநோய் என்றதும் காலி செய்யச் சொல்லப்பட்ட வாடகை வீடுகளை அவர்கள் அறியாதவர்களா? கொரோனா காலத்தில் சென்னையில் வீட்டு வாசல்களில் தகரம் அடித்ததையும் நாம் பார்த்தோம். சட்டப்படி உரிய அதிகாரி தனியே உத்தரவிட்டாலன்றி நோயாளிகளின் வீட்டில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில்தான் சொன்னது. அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டிருந்தது. தன் முதல்வர் ஒருவர் 75 நாள் சிகிச்சையில் இருந்தபோது, மக்கள் அறிய வேண்டியதைக்கூட அறிய முடியாதபடி மூடி வைக்கத் தெரிந்த மாநிலம் இது. மூடும் கலை நமக்குத் தெரியும். ஏழை நோயாளிக்கு அதைத் தருவதில்லை.

பொதுச் சுகாதாரத்துக்குத் தகவல் வேண்டும் என்ற வாதம் நியாயமானது. காசநோய் கண்டால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். அது தொடர வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது. பதிவேடு இல்லாமல் அது நடக்காது. ஆனால், அரசுக்குச் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சியே பக்கத்து மாவட்டத்துக்குப் பேருந்து ஏறிப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேருந்துக்குக் காசில்லாத மாதம் மாத்திரையும் நின்றுபோகிறது. ரகசியம் காப்பது சுகாதாரத் துறையின் வேலைக்கு இடைஞ்சல் இல்லை; அந்த வேலையில் பாதியே அதுதான்.

எப்படிச் சட்டம் எழுதுவது என்று நாடாளுமன்றத்துக்குத் தெரியாமலும் இல்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அதே ஆண்டின் மனநலச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்கிறது. காகிதமா கணினியா என்ற பாகுபாடு இவற்றில் இல்லை. இந்தக் காப்பு எல்லா நோய்க்கும் வேண்டும். குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறுபவரும் கருக்கலைப்புக்கு வந்தவரும் புற்றுநோயாளியும் என்ன குறைந்தவர்கள்?

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழக அரசு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின் கீழ் பதிவு பெறும் ஒவ்வொரு மருத்துவமனையும் லேபும், கடைநிலை ஊழியர் வரை ரகசியம் காப்பதைப் பதிவுக்கான நிபந்தனையாக ஏற்க வேண்டும். மீறினால் பதிவு போக வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் அரசாணை போதும்: மேஜைக்கு ஒரு திரை, வரிசைக்குக் கோடு, பெயருக்குப் பதில் டோக்கன் எண், எடைக்குப் போகும் முன் கிழிக்கப்படும் கேஸ் ஷீட். நாடாளுமன்றத்தின் பங்கு இழப்பீடு. 43ஏ போகும் இடத்தில் நோயாளிக்கான இழப்பீட்டுப் பிரிவு ஒன்று வர வேண்டும். 2027 மே மாதத்துக்குள் அந்தத் திருத்தத்தைக் கேட்டு வாங்குவது தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களின் பொறுப்பு.