தகுதிக்கும் தொகைக்கும் இடையில் ஒரு கால்பந்துப் பருவம்

2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங் நகரின் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஐஸ்வால் கால்பந்துச் சங்கத்திற்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு புள்ளி. ஆட்டம் தொடங்கிய பத்து நிமிடங்களுக்குள் ஷில்லாங் லஜோங் அணியின் டிபாண்டா டிக்கா கோல் அடித்துவிட்டார். அதே நேரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகான், நம் சென்னை சிட்டி அணியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. ஐஸ்வால் தோற்று மோகன் பகான் வென்றால் ஐ-லீக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். மலைப்பாதைகளைக் கடந்து வந்திருந்த மிசோ ரசிகர்கள் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் காத்திருந்த பின், 67ஆம் நிமிடத்தில் வில்லியம் லால்னுன்ஃபெலா சமன் செய்தார். கொல்கத்தாவில் மோகன் பகான் 2-1 என வென்றும் பயனில்லாது போயிற்று. பதினெட்டு ஆட்டங்களில் ஐஸ்வாலுக்கு 37 புள்ளிகள். மோகன் பகானுக்கு 36.

இந்தியத் தேசிய லீக் ஒன்றை வடகிழக்கு மாநிலச் சங்கம் ஒன்று வென்றது அதுவே முதன்முறை. அந்தப் பருவத்தை நாம் இன்று நினைவுகூர்வது வியப்பைப் புதுப்பித்துக்கொள்வதற்காக அன்று. அதற்குப் பின் நிகழ்ந்தது நம்மை இன்னும் உறுத்துகிறது என்பதற்காகவே.

முதலில், அந்த அணி அப்பருவத்தில் ஆடவே முறைப்படி உரிமை பெற்றிருக்கவில்லை. 2015-16 பருவத்தில் ஒன்பது அணிகளில் எட்டாவதாக வந்து அது கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டிருந்தது. ஒன்பதாவதாக, அதாவது கடைசியாக வந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் அணிக்கோ அத்தண்டனை இல்லை. பெருநிறுவன ஒதுக்கீட்டில் நேரடியாக நுழைந்த அணி என்பதால் அதற்கு விலக்கு இருந்தது. பள்ளியில் கடைசி மாணவனைத் தேர்ச்சி பெறச் செய்து, அவனுக்கு முந்தியவனைத் தோல்வியுறச் செய்தது போன்ற கணக்கு இது. பின்னர், புதிய திட்டங்களை எதிர்த்துக் கோவாவின் பழம்பெரும் சங்கங்கள் லீகிலிருந்து விலகியதால் காலியிடம் ஏற்பட்டது. ஐஸ்வால் மீண்டும் அழைக்கப்பட்டது. ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறியதால் மற்றொருவருக்குக் கிடைத்த நுழைவு அது.

பயிற்சியாளர் காலித் ஜமீலும் அவ்வாறு வந்தவரே. பல பருவங்கள் மும்பை எஃப்.சி. அணியைப் பயிற்றுவித்து, பின் அங்கிருந்து விலக்கப்பட்டவர். ஜயேஷ் ராணே, ஆசுதோஷ் மேத்தா ஆகியோரும் மும்பையிலிருந்து ஐஸ்வாலுக்கு வந்து சேர்ந்தனர். நடுக்களத்தில் சிரியாவின் அல் அம்னாவும் லைபீரியாவின் ஆல்ஃபிரெட் ஜார்யானும் இருந்தனர். எஞ்சியோரில் பெரும்பாலோர் உள்ளூர் இளைஞர்கள். அணியின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய் என்று அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. பெருநகர அணிகளில் ஓரிரு வெளிநாட்டு வீரர்களுக்கே அத்தொகை சரியாகப் போயிருக்கும். அப்பருவத்தின் இறுதியில் பட்டியலின் அடியில் இருந்தது ஜமீலை அனுப்பிவிட்ட மும்பை எஃப்.சி. என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இவ்வெற்றி வானத்திலிருந்து விழவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி பதினொரு லட்சம் மக்களே கொண்ட மிசோரம், 2012இல் தனக்கென ஒரு பிரீமியர் லீகைத் தொடங்கியது. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி அதன் ஆட்டங்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. 2014இல் அம்மாநிலம் சந்தோஷ் கோப்பையை வென்றது. சென்னையின் எஃப்.சி. அணிக்காக ஆடி நம்மூர் ரசிகர்களின் அன்பைப் பெற்ற ஜெஜே லால்பெக்லுவாவும் அம்மண்ணின் பிள்ளைதான். சிறுசேமிப்பு போலச் சேர்ந்த திறமை அது.

ஆனால் கோப்பை வென்ற இரண்டு வாரங்களுக்குள், 2017 மே மாதத்தில், இந்தியன் சூப்பர் லீகில் புதிய அணிகளைச் சேர்ப்பதற்கான அழைப்பு வெளிவந்தது. பத்து நகரங்கள் அதில் குறிக்கப்பட்டிருந்தன: அகமதாபாத், பெங்களூரு, கட்டாக், துர்காப்பூர், ஐதராபாத், ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா, ராஞ்சி, சிலிகுரி, திருவனந்தபுரம். நாட்டின் நடப்புச் சாம்பியனின் ஊர் அதில் இல்லை. இருந்திருந்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றே பேசப்பட்டது. இரண்டு கோடியில் அணி நடத்தும் சங்கத்திற்கு அது எட்டாக்கனி. தங்களை ஒதுக்கினால் உண்ணாவிரதம் இருப்போம் என்று சங்க நிர்வாகிகள் எச்சரிக்கும் நிலை வந்தது. பயனில்லை. பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் உள்ளே சென்றன. ஐஸ்வால் வெளியே நின்றது. ஜமீலும் அல் அம்னாவும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போயினர். வேறு பலரும் பிரிந்தனர். ஓராண்டு கூட அந்த அணி அணியாக நிலைக்கவில்லை.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு இது புரியாத விஷயம் அன்று. கடன் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ‘ஈடாக வைக்க என்ன இருக்கிறது?’ என்பது ஒன்று. ‘இதுவரை கணக்கை எப்படி நடத்தி வந்திருக்கிறீர்?’ என்பது மற்றொன்று. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் ஏற்கெனவே சொத்துள்ளவருக்கு மட்டுமே கதவு திறக்கும். நம் நாட்டில் சுய உதவிக் குழுக்கள் வங்கியோடு இணைக்கப்பட்டது இரண்டாவது கேள்விக்கும் மதிப்பு உண்டு என்பதால்தான். 2017இல் இந்தியக் கால்பந்து முதல் கேள்வியை மட்டும் கேட்டது.

எதிர்வாதத்தை நாம் புறக்கணிக்கவில்லை. சூப்பர் லீக் அணிகளின் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் நட்டம் தாங்கியே அணிகளை நடத்தினர். அவர்களது பணம் இல்லாமல் அந்த லீக் எழுந்திருக்காது. மேலும், திறமை மட்டும் ஒரு சங்கத்தைக் காப்பாற்றாது என்பதற்குச் சான்று நம் வீட்டிலேயே உள்ளது. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி ஐ-லீகை வென்றது. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சியின் கோல்களை கோவை ரசிகர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் 2021-22 பருவத்தின் அணிப்பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. எனவே இளையோர் அணி, தகுதியுள்ள மைதானம், வீரர்களுக்கு முறையான ஊதியம், தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றைக் கேட்பது நியாயமே. அதை உரிமச் சோதனை என்போம். பதினைந்து கோடி கேட்பது சோதனை அன்று, நுழைவுச்சீட்டின் விலை.

இவ்வேறுபாடு பின்னர் ஓரளவு ஏற்கப்பட்டது. 2023இல் பஞ்சாப் அணி ஐ-லீகை வென்று, உரிமக் கட்டணமின்றி மேலே சென்றது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். அதற்கடுத்த பருவத்தில் சாம்பியன் யார் என்பதே வழக்காகி, சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்று, 2025 ஜூலையில் இண்டர் காசிக்குச் சாதகமாக முடிந்தது. ஆறு ஆண்டுகள் முன்னதாகவே அந்தக் கதவு திறந்திருந்தால் ஐஸ்வாலின் கதை எப்படி அமைந்திருக்கும் என்று கணிக்க நமக்கு வழியில்லை. காலித் ஜமீலைப் பொறுத்தவரை, 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

மேலேறும் படி திறந்தும், கீழிறங்கும் படி 2024-25 பருவம் வரை மூடியே கிடந்தது. கடைசி இடத்தில் முடித்தாலும் சூப்பர் லீக் அணிக்கு எந்த இழப்பும் இல்லை. சிவாஜியன்ஸுக்கு அன்று தரப்பட்ட விலக்கு வேறு பெயரில் தொடர்ந்தது என்றே நாம் கருதுகிறோம். மேலேறும் அணிக்குத் தொலைக்காட்சி வருவாயில் முதல் இரண்டு பருவங்களுக்கு எவ்வளவு பங்கு, கீழிறங்கும் அணிக்கு எவ்வளவு இடைக்கால உதவி என்பவை பருவத்தின் முதல் பந்து உதைக்கப்படும் முன்பே எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். நிலையான வைப்புக்குக் கூட வட்டி விகிதத்தை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள் அல்லவா? ஐஸ்வாலின் வீரர்கள் ஷில்லாங்கில் அந்த ஒரு புள்ளிக்காக ஓடியபோது, அது தங்களை எங்கே கொண்டு சேர்க்கும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.