வாட்டம் யாருக்குத் தெரியும்?

எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு நிலையான வேலை இல்லாமல் இருந்த நாட்களில், ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காகக் கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். இடம், வடசென்னையில் ஒரு குடியிருப்பு. அங்கே மழைநீர் வடிகால் கட்டப் போகிறார்கள். அதனால் மக்களுக்கு என்ன பயன், என்ன பாதிப்பு என்று 'சமூகத் தாக்க மதிப்பீடு' செய்ய வேண்டும். கையில் ஒரு டேப்லட், அதில் வரிசையாகக் கேள்விகள், ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி.

இரண்டாம் நாள் ஒரு அண்ணனைச் சந்தித்தேன். ஐம்பதைத் தாண்டியவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாக்கடை அடைப்பு எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிந்ததும் எழுந்து என்னைத் தெருமுனைக்கு அழைத்துப்போனார்.

"இங்க பாரும்மா, கால்வாய இந்தாண்ட கொண்டாந்து சேக்கப் போறாங்கன்னு சொல்றாங்க. வாட்டம் அந்தாண்ட இருக்கு. மழை வந்தா தண்ணி போவாது. திரும்பி நம்ம வூட்டுக்குத்தான் வரும். இதை எழுதிக்கோ."

எழுத இடமில்லை. தொழில், வருமானம், சாதிப் பிரிவு, பட்டா உண்டா, திட்டத்தை வரவேற்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. கடைசியில் 'வேறு கருத்து' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் சுருக்கி எழுதினேன். மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொன்னேன். "அது டெக்னிக்கல் டீம் வேலை. நாம சோஷியல் டீம்" என்றார்.

வடிகால் வந்தது. அடுத்த பருவமழையில் அந்தத் தெருவில் தண்ணீர் திரும்பி வந்தது. அண்ணன் சொன்ன இடத்தில், அவர் சொன்ன மாதிரியே. அறிக்கையில் அவர் ஒரு 'பயனாளி'. கூலி வாங்கிக்கொண்டு அந்த எண்ணிக்கையை நிரப்பியவள் நான். அந்த உறுத்தலோடுதான் இதை எழுதுகிறேன்.

தோழர்களே, நம் நகரங்களில் இன்று எந்தப் பெரிய பொதுப்பணியும் ஆலோசனை நிறுவனம் இல்லாமல் நடப்பதில்லை. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஒரு நிறுவனம். அதைத்தான் டி.பி.ஆர். என்கிறோம். டெண்டர் ஆவணம் எழுத, வேலையை மேற்பார்வை பார்க்க, பில்லைச் சரிபார்க்க, கடைசியில் தரம் சோதிக்க என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியாட்கள். கடன் கொடுக்கும் பன்னாட்டு வங்கிகளும் இதை எதிர்பார்க்கின்றன. 'மாநகராட்சியில் ஆள் இல்லை, திறமை இல்லை, நேரம் இல்லை' என்பதுதான் சொல்லப்படும் காரணம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு உதவிப் பொறியாளர் தலையில் எத்தனை தெரு, எத்தனை புகார், எத்தனை கோப்பு என்று வார்டு அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்தால் தெரியும். வெள்ள நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது போன்ற வேலைகளுக்குத் தனித் தேர்ச்சி வேண்டும். அதனால் வெளியாள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அவர் போன பிறகு அந்த அறிவு யாரிடம் இருக்கிறது என்பதே என் கேள்வி.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் ஒன்றிய அரசு அதைத் தொடங்கியது. முன்மொழிவு தயாரிக்கவே நகரத்துக்கு 2 கோடி ரூபாய். மத்திய நிதியில் 5 விழுக்காடு, திட்டம் தயாரிப்பது, ஆலோசகர்களை அமர்த்துவது போன்ற நிர்வாகச் செலவுகளுக்கு. 2016 ஜனவரியில் வந்த முதல் 20 நகரங்களின் பட்டியலில் சென்னை இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் பெருவெள்ளம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த நம் மக்கள் உடைமைகளை இழந்து நின்றார்கள். பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு ஏற்றப்பட்டன. ஆனால் பகுதி மேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் தி.நகர். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அழகான நடைபாதை திறக்கப்பட்டது. 2021 நவம்பர் மழையில் தி.நகரே மூழ்கியது. ஸ்மார்ட் சிட்டி பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் மாநில அரசு விசாரணை ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தேதிகளுக்கு நடுவே இன்னொரு செய்தி இருக்கிறது. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. கவுன்சிலர் இல்லாத நகரத்தில், நிறுவனச் சட்டப்படி பதிவுசெய்த ஒரு கம்பெனி திட்டங்களை நடத்தியது. மக்கள் கேள்வி கேட்க ஒரு முகம்கூட இல்லை.

2022 மார்ச்சில் ஆர். பிரியா பொறுப்பேற்றார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். நாமெல்லாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நாம் அந்த நாற்காலிக்கு வந்து சேரும்போது, முடிவெடுக்கும் மேசை வேறு அறைக்குப் போயிருந்தது. இட ஒதுக்கீட்டால் மன்றத்துக்குள் நுழைகிறோம். டி.பி.ஆர். எழுதப்படும் இடத்துக்குள் நுழைய எந்த ஒதுக்கீடும் இல்லை.

இதை இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. மாநகராட்சி ஒரு பொறியாளர் பணியிடத்தை நிரப்பினால் இந்தக் கணக்கு பொருந்தும். அதே வேலையை ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுத்தால் பொருந்தாது. இட ஒதுக்கீட்டை ஒழிக்கச் சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. பணியிடத்தை நிரப்பாமல் விட்டு, வேலையை வெளியே தள்ளினால் போதும். சிவில் படித்துவிட்டு உணவு டெலிவரி வண்டி ஓட்டும் தம்பிகளை எனக்குத் தெரியும். 'திறமையான ஆள் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுதும்போது, அவர்களைத்தான் இல்லை என்று எழுதுகிறார்கள்.

கீழ்முனையிலும் இதே கதை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாருக்குத் தராதே என்பதுதான் கோரிக்கை. நள்ளிரவில் கைது செய்து அகற்றினார்கள். மேலே திட்டமிடுவதும் ஒப்பந்தம், கீழே குப்பை அள்ளுவதும் ஒப்பந்தம். மேலே உள்ள ஒப்பந்தத்தில் கட்டணம் ஏறுகிறது. கீழே உள்ளதில் கூலி இறங்குகிறது. மேலே யார் இருக்கிறார்கள், கீழே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது வேலைவாய்ப்புப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. பாதாளச் சாக்கடையைத் திட்டமிடும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இந்தத் தெருவுக்குள் தூர் வாரும் இயந்திர வண்டி நுழையுமா? நுழையாவிட்டால் சின்ன இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? அடைப்பு எடுக்க மனிதன் இறங்கத் தேவையில்லாத மாதிரி மேன்ஹோல் அமைப்பு இருக்கிறதா? இந்த வரிகள் டி.பி.ஆரில் விட்டுப்போனால், ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் இறங்குவார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு கொடுக்க வேண்டிய நாளில் அறிக்கை எழுதிய நிறுவனம் எங்கே இருக்கும்? அதன் ஒப்பந்தம் எப்போதோ முடிந்திருக்கும்.

பாபாசாகேப் இதை எப்படிக் கையாண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். பொதுப்பணி, பாசனம், மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வெளிநாட்டு நிபுணர் தேவைப்பட்டது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் வேலை பார்த்த பொறியாளர் வூர்துயின் வரவழைக்கப்பட்டார். ஆனால் அவர் வந்து உட்கார்ந்த இடம் 1944இல் உருவாக்கப்பட்ட மத்திய மின்சாரத் தொழில்நுட்ப வாரியம், ஒரு அரசு நிறுவனம். 1945இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. இன்றைய மத்திய நீர் ஆணையத்துக்கு அதுதான் வேர். வெளியாளிடம் கற்கலாம், ஆனால் கற்றது அரசின் கையில், பொதுச் சொத்தாக நிற்க வேண்டும். இந்தப் பாடத்தை எண்பது ஆண்டுக்கு முன் நம் தலைவர் செய்து காட்டியிருக்கிறார்.

உள்ளூர் அறிவு எடுபடாது என்றும் சொல்ல முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மழைநீர் வடிகால் போட வந்தபோது, 'இது மணல் நிலம், தண்ணீரைத் தானே உறிஞ்சும், கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் கெடும்' என்று குடியிருப்போர் எதிர்த்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். வேலை நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் சொன்னதும் அண்ணன் சொன்னதும் ஒரே வகை அறிவுதான், காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றிய அறிவு. ஆனால் ஒன்று மனுவாக மாறியது, மற்றொன்று என் டேப்லட்டில் செத்துப்போனது. நடுவில் இருந்த வித்தியாசம் வழக்குப் போடும் வசதி.

அந்த வித்தியாசத்தைக் குறைக்கப் படித்த நம்மால் முடியும். உங்கள் பகுதியில் ஒரு பொதுப்பணி வருகிறது என்று தெரிந்தவுடன் இவற்றைச் செய்யுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள்: ஆலோசனை நிறுவனத்தின் ஒப்பந்தம், அதன் பணி வரையறை, இதுவரை கொடுத்த தொகை, டி.பி.ஆர். நகல். 'வணிக ரகசியம்' என்று பிரிவு 8(1)(ஈ)யைக் காட்டி மறுக்கலாம். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவிலேயே இருக்கிறது, மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். பணி நடக்கும் இடத்தை ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைக் கேட்கவும் அந்தச் சட்டமே உரிமை தருகிறது. இதைப் பலர் பயன்படுத்துவதில்லை.

வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். டி.பி.ஆரை இறுதி செய்வதற்கு முன் தமிழில் சுருக்கி அங்கே வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.

காலியாக இருக்கும் பொறியாளர் பணியிடங்கள் எத்தனை, அதில் பட்டியல் சாதி, பழங்குடி இடங்கள் எத்தனை, அதே ஆண்டில் ஆலோசகர்களுக்குக் கொடுத்த தொகை எவ்வளவு? மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த எண்களே பேசும்.

கடைசியாக, சாக்கடையில் வேலை பார்க்கும் அண்ணன்களோடு, குழாயடியில் நிற்கும் அக்காக்களோடு தெருத் தெருவாக நடந்து ஒரு வரைபடம் போடுங்கள். எங்கே வாட்டம், எங்கே தண்ணீர் நிற்கும், எந்த மேன்ஹோல் அடிக்கடி அடைக்கும். தேதியும் கையெழுத்தும் போட்டு மண்டல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். நாளைக்கு 'யாரும் சொல்லவில்லை' என்று எவரும் சொல்ல முடியாது.

அந்த அண்ணனைப் போன வருடம் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டார், மூச்சு முட்டுகிறதாம். "அன்னிக்கி எழுதினியே, இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது அவர் தெருவின் வரைபடத்தை அவரோடு சேர்ந்தே போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அவர் பெயர் முதலில் இருக்கும்.

ஜெய்பீம்.