காப்பிக் கொட்டையைத் தின்னலாமா?

காப்பியைக் குடிக்கத்தான் வேண்டுமா? கொட்டையை அப்படியே வாயில் போட்டு மென்றால் என்ன? இந்த யோசனை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. சாக்லெட் பூசிய காப்பிக் கொட்டைகள் டப்பாவில் அடைத்து விற்கப்படுகின்றன. "உடம்புக்கு நல்லது" என்பார் சிலர். "நெஞ்சு படபடக்கும்" என்பார் வேறு சிலர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

கொட்டை தின்பது புதிய பழக்கம் அல்ல. காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அங்குள்ள ஓரோமோ மக்கள் காப்பிக் கொட்டையை இடித்து, வெண்ணெயில் உருண்டை பிடித்து, வழிநடைக்குக் கட்டுச்சோறு போல எடுத்துச் சென்றதாகப் பழைய யாத்திரிகர்கள் எழுதியிருக்கிறார்கள். பசி தாங்கும், தூக்கம் வராது!

தூங்காத ஊர்

தூக்கம் வராமல் இருக்க வேண்டியவர்கள் இங்கும் இருக்கிறார்கள். மீஞ்சூருக்கு அருகே இருக்கிறது அத்திப்பட்டு. அங்கேதான் வடசென்னை அனல் மின் நிலையம் 1994-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம். கொதிகலனுக்கு இரவென்றும் பகலென்றும் கிடையாது. கப்பலுக்கும் கிடையாது. ஊர் உறங்கும்போது ஷிப்டுக்குப் போகிறவர்களும், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களும் கண்ணைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும்.

இத்தகையவர்களுக்குக் காப்பிக் கொட்டை மிகவும் வசதியாகத் தோன்றும். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், அடுப்பும் வேண்டாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். இந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது.

நன்மை என்ன?

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். காப்பிக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் முதலிய பொருள்கள் இருக்கின்றன. அவை உடம்பின் உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்க உதவுபவை. அளவாகக் காப்பி குடிப்பவர்களுக்கு நீரிழிவும் கல்லீரல் சுருக்க நோயும் குறைவாகக் காணப்படுகின்றன என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆனால் அந்த ஆராய்ச்சிகள் காப்பி குடித்தவர்களைப் பற்றியவை. கொட்டை தின்றவர்களைப் பற்றியவை அல்ல. இதை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. இரவில் விழித்திருக்கப் பாக்கையும் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்பவர்கள் பலர். இரண்டும் புற்றுநோயை உண்டாக்குபவை. காப்பி குடிப்பது அந்த நோயைத் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-இல் அறிவித்தது. அந்த வகையில் பாக்கை விடக் காப்பிக் கொட்டை எவ்வளவோ மேல்.

அளவுதான் விஷயம்

காப்பியின் சக்தி காபீன் என்ற பொருளில் இருக்கிறது. ஜெர்மன் ரசாயனி ருங்கே 1819-இல் அதைப் பிரித்தெடுத்தார். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காபீன் வரை கெடுதல் இல்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்கு.

வறுத்த கொட்டை எட்டு சேர்ந்தால் சுமார் ஒரு கிராம். ஒரு கிராம் அராபிகாவில் சுமார் 12 மில்லிகிராம் காபீன் இருக்கும். ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரு மடங்கு. இந்தியாவில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டாதான். ஆகவே 15 கிராம் ரொபஸ்டாவைத் தின்றால் ஒரு நாள் அளவில் பெரும்பகுதி ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். அந்த 15 கிராமோ உள்ளங்கையில் அடங்கிவிடும்!

டம்ளர் காப்பியில் இந்தக் கவலை குறைவு. பொடியில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். சிக்கரியில் காபீன் கிடையாது. பால் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டம்ளர் காலியானால் நிறுத்தவும் தோன்றும். கொட்டைக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. தின்றவுடன் வேலை செய்வதும் இல்லை. அரை மணி, முக்கால் மணி ஆகும். அதற்குள் பொறுமை இழந்து இன்னொரு பிடி போட்டுக்கொள்வதுதான் மனித சுபாவம். பிறகு படபடப்பு, கை நடுக்கம், வயிற்றெரிச்சல் எல்லாம் வந்து சேரும்.

கபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருளும் கொட்டையில் உண்டு. அது கொலஸ்டிராலை ஏற்றும். காகித வடிகட்டியில் இறக்கினால் பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிடும். கொட்டையைத் தின்பவர்களுக்கு வடிகட்டி ஏது?

யார் தொடக்கூடாது?

இரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, குடல்புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200 மில்லிகிராம்தான் எல்லை. சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். சாப்பாட்டுடன் சேர்த்தால் காப்பி இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை என்று 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆசைக்குத் தின்பவர்கள் வறுத்த கொட்டையாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டை எண்ணி எடுத்து, சாப்பிட்டு ஒரு மணி கழித்து, நன்றாக மென்று தின்னலாம். பச்சைக் கொட்டை வேண்டாம், பல்தான் உடையும்.

தூக்கம் ஒரு கடன்

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. விழித்திருக்க விழித்திருக்க, தூக்கத்தைக் கொண்டுவரும் ஒரு பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. காபீன் அதை அழிப்பதில்லை. அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மறைக்கிறது. காபீன் விலகியதும் கடன் வட்டியோடு வந்து நிற்கும். தின்ற காபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் வேண்டும். விடியற்காலை 4 மணிக்குத் தின்றவர் 9 மணிக்குப் படுத்தால் தூக்கம் எங்கே வரும்? மறுநாள் இரவுக்கு இரண்டு பிடி தேவைப்படும்.

ஒரு தொழிலாளியை இடைவெளியின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. இரவு வேலையில் அந்த ஓய்வு உண்மையான ஓய்வாக இருக்க வேண்டும். 20 நிமிடம் தலை சாய்க்க ஓர் இடம் கொடுப்பது முதலாளிகளின் கடமை. கண் சொருகினால் லாரியை ஓரம் கட்டுவது டிரைவரின் கடமை.

காப்பிக் கொட்டை அமுதமும் அல்ல, நஞ்சும் அல்ல. அது வாய்க்கு ருசி தரும். சிறிது சுறுசுறுப்பும் தரும். தூக்கத்தைத் தராது. ராத்திரி உழைப்பவனுக்கு வேண்டியது தூக்கம்தான்.